எழுத்துவழி இணைய விளையாட்டின் ஏவற்சொற்கள்: டிகு மரபு மட் விளையாட்டுகளின் அடிப்படைக் கட்டளைகள் - ஓர் இலக்கண நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

எழுத்தை மட்டுமே ஊடகமாகக் கொண்டு பலர் கூடி ஆடும் இணைய விளையாட்டுகளில், ஆட்டக்காரர் தட்டச்சு செய்யும் கட்டளைகள் தமக்கெனத் தனி அமைப்புடைய ஒரு சிறுமொழியாக இயங்குகின்றன. டிகு மரபைச் சேர்ந்த விளையாட்டுகளின் அடிப்படைக் கட்டளைகளை இக்கட்டுரை விளக்குகிறது. அக்கட்டளைகளைத் தமிழில் அமைக்க முனைவோர் எதிர்கொள்ளும் இடர் சொல்லாக்கத்தைச் சார்ந்ததன்று, வேற்றுமையையும் வினைமுற்றையும் சார்ந்தது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மட் விளையாட்டு, ஏவல், வினைப்பகுதி, வேற்றுமை உருபு, திசைப்பெயர், இடம், பால்.

முன்னுரை

படமோ ஒலியோ இன்றி, திரையில் ஓடும் எழுத்துகளைப் படித்தும் எழுத்துகளாலேயே மறுமொழி தந்தும் பலர் ஒரே நேரத்தில் ஆடும் விளையாட்டு வகை 'மட்' எனப்படுகிறது. 'மல்டி யூசர் டஞ்சன்' என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் இது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் டிரப்ஷா 1978இல் டெக் நிறுவனத்தின் பிடிபி-10 கணினியில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். உடன்பயின்ற ரிச்சர்ட் பார்ட்டில் 1980இல் பொறுப்பேற்று அதனை வளர்த்தார்.

ஒருவர் மட்டும் ஆடும் எழுத்துவழி விளையாட்டுகள் இதற்கு முன்பே இருந்தன. வில் கிரவுதர் தொடங்கி, 1977இல் டான் உட்ஸ் விரிவாக்கிய 'அட்வெஞ்சர்' அவற்றுள் முதன்மையானது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து மம்மத் குகையை அடியொற்றி அமைந்த அவ்விளையாட்டு, அதிக அளவாக இரண்டு சொற்களாலான கட்டளையையே ஏற்றது. ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்துகளை மட்டுமே அது நோக்கியது. வினை ஒன்று, பெயர் ஒன்று என்னும் இச்சுருங்கிய வடிவமே பின்வந்த மட் கட்டளைகளுக்கு அடித்தளமாயிற்று.

மட் விளையாட்டுகள் பல கிளைகளாகப் பிரிந்தன. இக்கட்டுரை அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினியியல் துறையைச் சேர்ந்த ஐவர் உருவாக்கி 1991இல் வெளியிட்ட 'டிகுமட்', அதன் வழித்தோன்றலாக 1993இல் ஜெரமி எல்சன் வெளியிட்ட 'சர்க்கிள்மட்' ஆகியவற்றின் கட்டளை அமைப்பே இங்கு ஆய்வுக்களம். இவற்றின் மூலநிரல் எவரும் படிக்கக்கூடியதாக வெளியிடப்பட்டிருப்பதால், ஒரு கட்டளை எவ்வாறு பொருள்கொள்ளப்படுகிறது என்பதனை ஊகத்தால் அன்றி நிரலைப் பார்த்தே கூறமுடிகிறது. மனித மொழியை ஆராய்வோர்க்கு இத்தகைய வாய்ப்பு எளிதில் அமைவதன்று.

இவ்வாய்வுக்கு நடைமுறைத் தேவை ஒன்றும் உண்டு. படத்தை நம்பாத விளையாட்டு என்பதால், திரைவாசிப்பு மென்பொருளின் துணையுடன் பார்வைத்திறன் குறையுடையோர் மற்றவர்க்கு நிகராக ஆடும் இணைய விளையாட்டு வகையாக மட் நிலைத்திருக்கிறது. தமிழ் எழுத்தை ஒலித்துக்காட்டும் மென்பொருள்களும் இன்று உள்ளன. ஆயினும் ஆங்கிலக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தெரிந்தால்தான் இவ்வாசல் திறக்கிறது. தமிழ்வழிப் பயிலும் பார்வையற்ற மாணவர் ஒருவர் தம் மொழியில் கட்டளையிட்டு ஆட என்ன வேண்டும் என்னும் வினா இலக்கண வினாவாகவே அமைகிறது.

கட்டளையின் இயல்பு

ஆட்டக்காரர் விளையாட்டுக்குள் நுழைந்ததும் அவர் நிற்கும் இடத்தின் விவரிப்பு திரையில் தோன்றும். அவ்விடம் திறந்தவெளியாயினும் தெருவாயினும் 'அறை' என்றே குறிக்கப்படும். அறையின் பெயர், சில வரி விவரிப்பு, வெளியேறும் வழிகள், அங்குள்ள பொருள்கள், உயிர்கள் என்னும் வரிசையில் செய்தி அமையும். பின்னர் ஆட்டக்காரர் ஒரு வரி எழுதி உள்ளீட்டு விசையை அழுத்துகிறார். அந்த ஒரு வரியே கட்டளை.

அடிப்படைக் கட்டளைகளைப் பயன்நோக்கிச் சில குழுக்களாகக் காணலாம். 'லுக்' சுற்றுப்புறத்தைப் பார்க்கவும், 'எக்சாமின்' ஒரு பொருளை நுணுகி நோக்கவும் உதவுகின்றன. 'கெட்', 'டிராப்', 'புட்', 'கிவ்' என்பன பொருள்களை எடுக்கவும் கீழே போடவும் பைக்குள் வைக்கவும் பிறர்க்குக் கொடுக்கவும் பயன்படுவன. 'வியர்' உடையையும் கவசத்தையும் அணிவதற்கு, 'வீல்டு' படைக்கலத்தை ஏந்துவதற்கு. பாத்திரத்திற்குப் பசியும் தாகமும் உண்டாதலின் 'ஈட்', 'டிரிங்க்' ஆகியன தேவைப்படுகின்றன. போருக்குக் 'கில்', தப்பியோட 'ஃபிளீ', எதிரியின் வலிமையை முன்கூட்டி மதிப்பிடக் 'கன்சிடர்'. புதிதாக ஆடுவோர் கடைசியாகச் சொன்னதனை மறந்துவிட்டு அதற்கு முன்னதை ஆள்வதே பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணம் எனலாம்.

பேச்சுக்குரிய கட்டளைகள் குரல் சென்றடையும் எல்லையால் வேறுபடுகின்றன. 'சே' என்பது அவ்வறையில் உள்ளார்க்கு மட்டும் கேட்கும். 'டெல்' தனியொருவர் எங்கிருந்தாலும் அவர்க்கு மட்டும் எட்டும். 'ஷவுட்' அப்பகுதி முழுதும் ஒலிக்கும்.

இவை அனைத்தும் வினைச்சொற்கள். ஆனால் எல்லாக் கட்டளைகளும் வினைச்சொற்கள் அல்ல. வடக்கே செல்வதற்கு 'நார்த்' என்னும் திசைப்பெயர் மட்டுமே போதும். கைவசமுள்ள பொருள்களைக் காட்ட 'இன்வென்டரி', தன் நிலையை அறிய 'ஸ்கோர்' என்னும் பெயர்ச்சொற்கள் கட்டளையாகின்றன. விளையாட்டில் உடனிருப்போர் யாவர் என அறிய 'ஹூ' என்னும் வினாச்சொல்லே கட்டளையாக நிற்கிறது. முன்னவற்றில் 'செல்' என்பதும் பின்னவற்றில் 'காட்டு' என்பதும் தொக்கு நிற்கின்றன. எதிர்மறை ஏவலுக்கு இச்சிறுமொழியில் இடமே இல்லை. 'உண்ணாதே' எனக் கட்டளையிட இயலாது. பிறர் கூவுவதைக் கேட்க விரும்பாதவர் 'நோஷவுட்' என்னும் சொல்லால் ஒரு நிலைமாற்றியைத் திருப்பிவைக்கலாம். அது வடிவத்தால் எதிர்மறை போல் தோன்றினும் பொருளால் உடன்பாட்டு ஏவலேயாகும்.

நிரல் கட்டளையை எவ்வாறு பிரித்துணர்கிறது? வரியின் முதற்சொல்லைக் கட்டளைப் பட்டியலோடு மேலிருந்து கீழாக ஒப்பிடுகிறது. தட்டிய எழுத்துகள் பட்டியலிலுள்ள ஒரு சொல்லின் தொடக்கமாக அமைந்தால் அச்சொல்லே கொள்ளப்படும். எனவே முழுச்சொல்லையும் எழுதவேண்டுவதில்லை. திசைகள் பட்டியலின் தலைப்பில் இருப்பதால் 'நார்த்' என்பதன் முதலெழுத்தே வடக்கு நோக்கிச் செலுத்திவிடும். ஒரே எழுத்தில் தொடங்கும் இரு சொற்களுள் பட்டியலில் முந்தியதே வெல்லும். ஆக, பட்டியலின் வரிசைமுறையே எச்சொல் அடிக்கடி வேண்டப்படுவது என்பது பற்றி நிரலாசிரியர் கொண்ட தீர்ப்பாகிறது. சர்க்கிள்மட்டில் போரின் ஒவ்வொரு சுற்றும் 2 நொடிக்கு ஒருமுறை நிகழ்கிறது. அந்நிலையில் ஓரெழுத்துச் சுருக்கம் உயிர்காப்பது.

பாத்திரத்தின் உடல்நிலையும் கட்டளையைக் கட்டுப்படுத்துகிறது. பட்டியலில் ஒவ்வொரு கட்டளைக்கும் எதிரே குறைந்த அளவு எந்நிலையில் இருந்தால் அதனைச் செய்யலாம் என்பது குறிக்கப்பட்டிருக்கும். நிற்றல், போரிடுதல், அமர்தல், இளைப்பாறல், உறங்கல் என்பன அந்நிலைகளுள் சில. உறங்கும் பாத்திரத்தைப் பார்க்கச் சொன்னால் நிரல் மறுத்துவிடும். இளைப்பாறும் பாத்திரம் நடக்காது. முதலில் எழ வேண்டும். இலக்கணப்படி பிழையற்ற ஏவலாயினும் ஏவப்படுவோனுக்கு ஆற்றல் இருந்தாலன்றி அது செயலாவதில்லை.

ஏவலும் வினைப்பகுதியும்

தமிழில் முன்னிலை ஒருமை ஏவலுக்குத் தனி விகுதி வேண்டுவதில்லை. எடு, வை, உண், பார், நில் என வினைப்பகுதியே ஏவலாக நிற்கும். நன்னூல் பகாப்பத வினைகளை எடுத்துக்காட்டும்போது அவற்றை ஏவல் வடிவிலேயே வைத்து, 23 ஈறுகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல் தருகிறது. வேரும் ஏவலும் ஒன்றென்னும் இவ்வியல்பு கட்டளைமொழிக்கு மிக ஏற்றது. ஆயின் இதனைத் தமிழின் தனிச்சிறப்பாகக் கொண்டு மகிழ இடமில்லை. ஆங்கிலமும் இவ்வாறே வினையடியை ஏவலாக ஆளும் மொழிதான். தமிழுக்கு எழும் சிக்கல் வேறிடத்தில் உள்ளது.

முதலில் யார் யாரை ஏவுகிறார் என்பதைத் தெளிய வேண்டும். ஏவலுக்கு ஏவுவோனும் ஏவப்படுவோனும் வேண்டும். மட் விளையாட்டில் 'வாளை எடு' என எழுதுபவர் ஆட்டக்காரர். எடுப்பது அவருடைய பாத்திரம். நிரலோ 'நீங்கள் வாளை எடுக்கிறீர்கள்' என ஆட்டக்காரரை நோக்கியே மறுமொழி தருகிறது. ஏவியவரே ஏவப்பட்டவராகவும், செய்தவராகவும் ஆகிவிடுகிறார். நெஞ்சொடு கிளத்தல் என அகமரபில் வழங்கும் கூற்றில் ஒருவர் தம் நெஞ்சையே முன்னிலைப்படுத்திப் பேசுவதனோடு இதனை ஒருபுடை ஒப்பிடலாம். ஆயின் நெஞ்சு பெரும்பாலும் சொன்னபடி கேட்பதில்லை. பாத்திரம் கேட்கிறது.

இத்தெளிவு மரியாதை பற்றிய ஒரு வினாவுக்கு விடையளிக்கிறது. தமிழ்க் கணினி இடைமுகங்களில் 'சேமி' எனப் பகுதியாலும் 'சேமிக்கவும்' என -உம் ஈற்றாலும் இருவகையாகவும் எழுதும் வழக்கம் உள்ளது. தேர்வுத்தாள்களில் 'விடை தருக', 'எழுதுக' என வியங்கோள் ஆளப்படுகிறது. அறியாத ஒருவரை எழுத்தால் ஏவும்போது பகுதி ஏவல் கடுமையாக ஒலிப்பதே இதற்குக் காரணம். மட் கட்டளையில் ஆட்டக்காரர் ஏவுவது தம்மையே ஆதலின் அக்கடுமை எழாது. 'எடு' என்பதே போதும். 'எடுக்கவும்' எனத் தட்டச்சு செய்யச் சொல்வது மரியாதையின் பெயரால் விரல்களுக்குத் தரும் தண்டனையேயாகும். மறுதலையாக, நிரல் ஆட்டக்காரரிடம் பேசும் இடமெல்லாம் 'நீங்கள்' என்னும் உயர்வுப்பன்மையே தகும். கட்டளை ஒருமையிலும் மறுமொழி பன்மையிலும் அமைவதில் முரண் இல்லை. பேசுவோர் வேறு வேறானவர்.

திசைச்சொற்கள்

ஆங்கிலக் கட்டளைப் பட்டியலில் திசைகள் ஆறு: நான்கு பெருந்திசைகளும் மேலும் கீழும். ஆறும் வெவ்வேறு எழுத்துகளில் தொடங்குவதால் ஓரெழுத்துச் சுருக்கத்திற்கு இடர் இல்லை. தமிழிலோ மேற்கும் மேலும் 'மே' எனத் தொடங்குகின்றன. கிழக்கும் கீழும் குறில் நெடில் அளவிலேயே வேறுபடுகின்றன. இது தற்செயலன்று. மேற்கு என்பது மேல் என்பதன் அடியாகவும் கிழக்கு என்பது கீழ் என்பதன் அடியாகவும் பிறந்தவை. மேற்கே மலைத்தொடர் உயர்ந்தும் கிழக்கே நிலம் கடல்நோக்கிச் சரிந்தும் கிடக்கும் நில அமைப்பையே இச்சொற்கள் காட்டுகின்றன எனக் கால்டுவெல் எடுத்துரைத்துள்ளார். தமிழ் நிலத்தில் மேற்கே நடப்பவர் மேலே ஏறுகிறார். கற்பனை நகரத்திலோ மேற்கு வேறு, மாடி வேறு.

இதற்குத் தீர்வு இரண்டு. குணக்கு, குடக்கு என்னும் பழஞ்சொற்களைக் கிழக்குக்கும் மேற்குக்கும் ஆள்வது ஒன்று. இது இலக்கியச் சுவை உடையது. ஆயினும் இரண்டும் 'கு' எனத் தொடங்குவதால் சுருக்கச் சிக்கல் புதுவடிவில் மீளும். மற்றொன்று மேல், கீழ் என்பவற்றை விடுத்து ஏறு, இறங்கு என வினைகளையே கட்டளையாகக் கொள்வது. மாடிப்படி முன் நிற்பவரிடம் 'மேலே' என்பதினும் 'ஏறு' என்பதே தமிழ் வழக்கு. அவ்வாறு கொள்ளின் வ, கி, தெ, மே, ஏ, இ என ஆறு சுருக்கங்களும் தம்முள் மயங்காமல் அமைகின்றன. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என மொழிபெயர்ப்போர் இத்தீர்வைத் தவறவிடுவர். பெயரை வினையாக்க வேண்டிய இடம் இது.

வேற்றுமையும் புணர்ச்சியும்

ஆங்கிலத்தில் வாளைப் பைக்குள் வைக்க 'புட் சுவோர்ட் இன் பேக்' என்று எழுதலாம். 'புட் சுவோர்ட் பேக்' என்றாலும் அதே பயன்தான். காரணம் யாதெனில், இன், ஃபிரம், வித், தி, ஆன், அட், டு ஆகிய 7 சொற்களையும் நிரல் நிரப்புச்சொற்கள் எனக் கருதி நீக்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் வேற்றுமைப் பொருளைச் சுமக்கும் முன்னிடைச்சொற்கள் இவற்றுள் பெரும்பாலானவை. அவை போனபின் எஞ்சுவது சொல்வரிசை ஒன்றே. வினையை அடுத்து நிற்பது செயப்படுபொருள், அதனை அடுத்து நிற்பது இடமோ பெறுவோனோ. இவ்வரிசை பிறழ்ந்தால் பொருளும் பிறழும். காவலனுக்கு ரொட்டி கொடுக்க முனைபவர் 'கிவ் கார்ட் பிரெட்' என ஆங்கிலப் பேச்சுவழக்கில் எழுதினால், நிரல் அதனை ஏற்காது. ஆங்கிலத்தில் செம்மையான தொடர் ஆங்கிலக் கட்டளைமொழியில் பிழையாகிறது.

தமிழில் வேற்றுமை உருபு தனிச்சொல்லாக நிற்பதன்று. பெயரோடு ஒட்டி நிற்பது. 'வாளைப் பைக்குள் வை', 'பைக்குள் வாளை வை' என எவ்வரிசையில் எழுதினும் பொருள் மாறாது. 'காவலனுக்கு ரொட்டியைக் கொடு' என்பதும் அவ்வாறே. உருபைப் படிக்கத் தெரிந்த நிரலுக்குச் சொல்வரிசை வேண்டுவதில்லை. ஆங்கிலக் கட்டளைமொழி கைவிட்ட ஒன்றைத் தமிழ்க் கட்டளைமொழி காத்துக்கொள்ள முடியும். மேலும், தமிழில் வினை பயனிலையாக ஈற்றில் நிற்பதால் முதற்சொல்லை வினையெனக் கொள்ளும் விதியை மாற்றி இறுதிச்சொல்லை நோக்க வேண்டும். 'எடு வாளை' என அவசரத்தில் எழுதுவோரும் இருப்பர் ஆதலின் இறுதியில் வினை காணாவிடத்து முதலில் தேடுவது நன்று. அடி, படி, ஓடு போலப் பெயரும் வினையுமாக நிற்கும் சொற்கள் வரும்போது இவ்விட விதியே மயக்கம் தீர்க்கும்.

உருபைப் படிப்பது எங்ஙனம்? இங்குதான் உண்மையான இடர் தொடங்குகிறது. டிகு மரபில் ஒவ்வொரு பொருளுக்கும் அழைக்கும் சொற்களின் பட்டியல் ஒன்று உண்டு. சர்க்கிள்மட்டின் அடிப்படை நிரலில் கட்டளைச்சொல்லைச் சுருக்கலாமே தவிர, பொருளின் பெயரை முழுதாகவே எழுத வேண்டும். பின்வந்த கிளைகள் சில பெயர்ச்சுருக்கத்தையும் ஏற்றன. எவ்வாறாயினும் தட்டிய சொல் பட்டியற்சொல்லின் முழுமையாகவோ தொடக்கமாகவோ இருத்தல் வேண்டும் என்பதே விதி. தமிழில் நிலைமை தலைகீழ். பட்டியலில் 'வாள்' இருக்க, ஆட்டக்காரர் எழுதுவது 'வாளை', 'வாளால்', 'வாளுக்கு'. தட்டிய சொல் பட்டியற்சொல்லைவிட நீண்டது. எனவே பட்டியற்சொல் தட்டிய சொல்லின் தொடக்கமாக உள்ளதா என்று நோக்க வேண்டும். ஒப்பீட்டின் திசையே மாறுகிறது.

அவ்வாறு மாற்றினும் சிக்கல் முற்றத் தீர்வதில்லை. ஒருங்குறியில் 'வாள்' என்பது வகரம், ஆகாரக் குறி, ளகரம், புள்ளி என 4 குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. 'வாளை' என்பதில் நான்காவது குறியீடு புள்ளியன்று, ஐகாரக் குறி. மெய்யீற்றின்மேல் உயிர் வந்து ஏறும்போது புள்ளி மறையும் என்னும் எழுத்திலக்கண உண்மை, கணினிக்குள் நான்காம் இடத்து வேறுபாடாகத் தோன்றி, 'இப்பொருள் இங்கு இல்லை' என்னும் மறுமொழியாக முடிகிறது. மரம் என்பது மரத்தை என அத்துச்சாரியை பெறுகிறது. முதல் இரண்டு குறியீடுகளே பொதுவானவை. வீடு என்பது வீட்டை என ஒற்று இரட்டிக்கிறது. பை என்பது யகர உடம்படுமெய் பெற்றுப் பையை என்றாகிறது. உருபை வெட்டியெறிந்தால் எஞ்சுவது பெயர் என எண்ணுவோர் 'மரத்த்', 'வீட்ட்' என்னும் பொருளற்ற துண்டுகளோடு நிற்க நேரும்.

ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு வடிவங்களைப் பட்டியலில் சேர்ப்பதே எளிய வழி. ஒன்று எழுவாய் வடிவம், மற்றொன்று உருபேற்கும் வடிவம். மரம் - மரத்து, வீடு - வீட்டு, வாள் - வாள் என இவை அமையும். பல அழைப்புச்சொற்களை ஏற்கும் டிகு மரபின் பட்டியல் இதற்கு ஏற்கெனவே இடந்தருகிறது. உருபேற்கும் வடிவத்தின் ஈற்றுப் புள்ளியையோ உகரத்தையோ நீக்கி ஒப்பிட்டபின், எஞ்சும் பகுதி ஒரு வேற்றுமை உருபோ சொல்லுருபோ ஆகுமா எனச் சோதிக்க வேண்டும். இவ்விரண்டாம் சோதனை இன்றியமையாதது. 'வாளியை எடு' என்பதில் 'வாள' என்னும் தொடக்கம் உள்ளது. எஞ்சும் 'இயை' உருபன்று என்பதை அறியாத நிரல், நீர்மொண்டு வரச் சென்றவர் கையில் வாளைத் திணித்துவிடும். வேற்றுமை உருபுகள் எண்ணி முடிக்கத்தக்க சிறுதொகுதி ஆதலின் அச்சோதனை நிரலுக்குப் பெருஞ்சுமையாகாது.

உருபு தொக்கு வருவதையும் ஏற்றாக வேண்டும். 'தண்ணீர் குடி', 'வாள் எடு' எனவே பலர் இயல்பாக எழுதுவர். அஃறிணைப் பெயரில் இரண்டாம் வேற்றுமைத் தொகை வழக்கில் உள்ளதே. உயர்திணைப் பெயரில் அவ்வுருபு பொதுவாகத் தொகுவதில்லை. 'காவலன் தாக்கு' என எழுதப்பட்டால் அது காவலனைத் தாக்குவதா, காவலனை விளித்துத் தாக்கச் சொல்வதா என்பது தெளிவாகாது. அங்கு நிரல் ஊகித்து வாளை வீசுவதினும் 'யாரை?' எனக் கேட்பது நன்று. ஒரு போர் தொடங்கிவிட்டால் திரும்பப்பெற இயலாது. வல்லினம் மிகும் இடங்களில் ஆட்டக்காரர் ஒற்றை இட்டாலும் இடாவிட்டாலும் ஏற்க வேண்டும். ஒற்றுப்பிழைக்காக ஒருவர் பூதத்திடம் உயிர்விட நேர்வது இலக்கண ஆசிரியர்க்கும் உவப்பாகாது.

எண்ணால் சுட்டுவது மட்டும் இங்கு எளிது. ஒரே அறையில் இரு வாள்கள் கிடந்தால், எண்ணை முன்னிட்டு ஒரு புள்ளி வைத்து '2.வாள்' என இரண்டாவதைச் சுட்டும் முறை டிகு மரபில் உண்டு. இதனைத் தமிழில் மாற்ற வேண்டுவதில்லை.

ஒரு செயல், மூன்று தொடர்கள்

கட்டளை நிறைவேறியதும் அச்செயல் மூவகையார்க்கு மூன்று விதமாக அறிவிக்கப்படுகிறது. செய்தவர்க்கு ஒரு தொடர், செயலுக்கு இலக்கானவர்க்கு ஒரு தொடர், சூழ நின்று காண்போர்க்கு ஒரு தொடர். வணங்குதல், சிரித்தல் போன்ற மெய்ப்பாட்டுக் கட்டளைகளுக்கும் இம்முறையே. செய்பவரின் பெயர், பிரதிப்பெயர் ஆகியன வரவேண்டிய இடத்தில் டாலர் குறியுடன் கூடிய எழுத்துகளை இட்டு ஒரு வார்ப்பு எழுதப்பட்டிருக்கும். நிரல் அவ்விடங்களை நிரப்பும். பாத்திரத்தின் பால் ஆண், பெண், பொது என மூன்றாகப் பதிவாகி, அதற்கேற்ற ஆங்கிலப் பிரதிப்பெயர் வந்தமரும்.

ஆங்கில வார்ப்பில் மாறுவது பிரதிப்பெயரே. நிகழ்கால வினைமுற்று எப்பாலுக்கும் ஒன்றே. தமிழில் நேர்மாறு. பிரதிப்பெயர் பல இடங்களில் தோன்றா எழுவாயாக மறையும். ஆனால் வினைமுற்று எடுத்தான், எடுத்தாள், எடுத்தார், எடுத்தது எனத் திணையும் பாலும் காட்டாமல் நிற்க இயலாது. ஆகவே தமிழ் வார்ப்பில் பெயருக்கு மட்டுமன்றி வினை விகுதிக்கும் ஒரு குறி தேவை. ஆட்டக்காரர்களின் பாத்திரங்கள் அனைத்திற்கும் -ஆர் விகுதி இட்டு, நிரலால் இயங்கும் விலங்குகளுக்கு -து இடுவது போதுமான தீர்வு எனலாம். இதில் இன்னொரு பயனும் உண்டு. மந்திரத்தால் உருமறைந்த பாத்திரம் ஒன்றைப் பிறர் காணும்போது பெயருக்குப் பதிலாக 'யாரோ' என்னும் பொருளுடைய சொல் வரும். அங்கு 'யாரோ எடுத்தாள்' என எழுதினால் மறைந்திருப்பவரின் பாலை விகுதி காட்டிக்கொடுத்துவிடும். 'யாரோ எடுத்தார்' என்பதே மறைவைக் காக்கும்.

'கிவ்' என்னும் கட்டளையில் தமிழ் இன்னும் நுட்பமான வேறுபாட்டை வேண்டுகிறது. தருதலும் வருதலும் தன்மை முன்னிலை இடங்களுக்கும், கொடுத்தலும் செல்லுதலும் படர்க்கை இடத்திற்கும் உரியன எனத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வரையறுக்கிறது. பெறுவோர் எவ்விடத்தவர் என்பதே வினையைத் தீர்மானிக்கிறது. இவ்விதியை மூன்று தொடர்களில் பொருத்திப் பார்க்கலாம். ஆட்டக்காரர் வாளைக் காவலர் ஒருவர்க்கு அளிக்கிறார் எனக் கொள்வோம். அவர் காண்பது 'நீங்கள் காவலருக்கு வாளைக் கொடுத்தீர்கள்'. சூழ நிற்போர் காண்பது 'வீரர் காவலருக்கு வாளைக் கொடுத்தார்'. பெறுபவர் காண வேண்டியது 'வீரர் உங்களுக்கு வாளைத் தந்தார்'. ஆங்கிலத்தில் மூன்றிலும் ஒரே வினைதான். வார்ப்பை வரிக்கு வரி மொழிபெயர்ப்பவர் மூன்றாவதிலும் 'கொடுத்தார்' என்றே எழுதுவார். இன்றைய வழக்கில் அது பிழையெனத் தோன்றாதிருக்கலாம். எனினும் 'தந்தார்' என்னும் சொல் பெறுபவரைத் தம் கையில் வாள் வந்து சேர்ந்த உணர்வோடு நிறுத்துகிறது. எழுத்தைத் தவிர வேறு காட்சி இல்லாத உலகில் இவ்வேறுபாடு சிறியதன்று.

காலம் பற்றியும் ஒரு சொல். ஆங்கில மட் தொடர்கள் நிகழ்காலத்தில் அமைவன. தமிழில் கணப்பொழுதில் முடிந்த செயலை 'எடுத்தார்' என இறந்தகாலத்தில் கூறுவதே இயல்பு. உறங்குதல், இளைப்பாறுதல் போலத் தொடரும் நிலைகளுக்கு மட்டும் நிகழ்காலம் போதும்.

எழுத்துத் தடையும் வெளியேறும் சொல்லும்

மேற்கூறிய எதுவும் நடைபெறுமுன் நீக்கவேண்டிய தடை ஒன்றுண்டு. சர்க்கிள்மட்டின் உள்ளீட்டுப் பகுதி, ஆஸ்கி தொகுதிக்கு உட்பட்டதும் அச்சிடத்தக்கதுமான குறிகளை மட்டுமே ஏற்று ஏனையவற்றை ஓசையின்றி விலக்குகிறது. யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகளாக வருகிறது. அவை எவையும் ஆஸ்கி எல்லைக்குள் அடங்கா. எனவே 'வாளை எடு' என்னும் கட்டளையில் நிரலைச் சென்றடைவது நடுவிலுள்ள இடைவெளி மட்டுமே. இந்த ஒரு நிபந்தனையைத் தளர்த்துவது சிறு வேலைதான். அதனைச் செய்யாமல் அகராதி தொகுப்பதில் பயனில்லை.

இறுதியாகக் 'குயிட்' என்னும் கட்டளை. பெரும்பாலான கட்டளைகளைச் சுருக்க இடந்தரும் சர்க்கிள்மட், இதனை முழுதாக எழுத வேண்டும் என வற்புறுத்துகிறது. ஓரெழுத்துக் குறைந்தாலும் ஏற்காது. டிகு மரபின் மூலவடிவில் சத்திரத்தில் தங்கிப் பொருள்களைக் காப்பிட்டு நீங்குவதே முறை. வெறுமனே வெளியேறினால் ஈட்டிய பொருள்கள் கைவிட்டுப் போகும். கைதவறித் தட்டிய ஒரு சுருக்கத்தால் அத்தகைய இழப்பு நேரக்கூடாது என்பதே இவ்விதியின் நோக்கம். தமிழில் 'விலகு' என்பதை இதற்குக் கொண்டால், 'வி' எனத் தொடங்கும் விடு, விழி ஆகிய அடிப்படைக் கட்டளைகளோடு அது நெருங்கி நிற்கும். அவ்விரண்டையும் பட்டியலில் முன்வைத்து, விலகு என்பதை முழுச்சொல்லாக மட்டுமே ஏற்கும்படி அமைத்தல் வேண்டும்.